மீளாத வீரருக்கு நீர்க்கடன்

1971-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள். காஷ்மீரப் பள்ளத்தாக்கில் கடுங்குளிர் நிலவிய காலைப் பொழுது. ஸ்ரீநகர் விமானத் தளத்தின்மீது பாகிஸ்தானின் ஆறு சேபர் ஜெட் விமானங்கள் தாக்குதல் தொடுத்தன. அந்நேரத்தில் தளத்தில் தயார்நிலைப் பணியில் இருந்தவர்களுள் ஒருவர் 18-ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த ஃபிளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் சேகோன். முப்பது வயதை எட்டாத இளைஞர்.

அந்த இடம் அவருக்குப் பழகிய இடமன்று. 1948-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்பாட்டுக்கு இணங்க, போர் மூளும்வரை ஸ்ரீநகரில் வான்காப்பு விமானங்கள் நிறுத்தப்படவில்லை. எனவே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலுள்ள அந்தப் பள்ளத்தாக்கும், அதைச் சூழ்ந்த மலைகளும், எலும்பை ஊடுருவும் பனிக்காற்றும் அவருக்குப் புதியவை. எனினும், ஓடுபாதையில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தபோதே அவர் தமது சிறிய நாட் விமானத்தில் மேலே எழும்பினார். உடன் புறப்பட்ட மூத்த விமானியும் அவரும் சிறிது நேரத்திலேயே ஒருவர் பார்வையிலிருந்து ஒருவர் மறைந்துபோயினர். அதன்பின் சேகோன் தனித்து நின்றார். மரங்களின் உச்சியைத் தொடும் உயரத்தில் நடந்த அந்த வான்போரில் பகைவிமானம் ஒன்றைத் தாக்கினார், மற்றொன்றைத் தீப்பற்றச் செய்தார் என்று விருதுச் சான்றுரை கூறுகிறது. இறுதியில் எண்ணிக்கையின் வலிமையே வென்றது. அவருடைய விமானம் வீழ்ந்தது.

இரண்டே நாட்களில், டிசம்பர் 16 அன்று, டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மறுநாள் மேற்கு எல்லையிலும் போர் ஓய்ந்தது. சேகோன் மட்டும் திரும்பவில்லை. மலைப்பிளவொன்றில் விமானத்தின் சிதைவுகள் கிடைத்தன. பலமுறை தேடியும் உடல் கிடைக்கவில்லை. அவருக்கு மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவருடைய தந்தையாரும் விமானப்படையில் பணியாற்றியவர். பஞ்சாபில் லூதியானாவை அடுத்த இஸேவால் கிராமத்திலிருந்த அந்த இல்லத்திற்குத் திரும்பி வந்தது செய்தி ஒன்றுதான்.

நாடு அவரை மறக்கவில்லை. மறைவுக்குப் பின் அவருக்குப் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. இந்திய விமானப்படையில் அவ்விருதைப் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. 2019-இல் புது தில்லியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இடம்பெற்றுள்ளது. 2023-இல் அந்தமான் தீவுகளுள் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அரசு செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. ஆனால் சிலை வைப்பதோடும் பெயர் சூட்டுவதோடும் முடிந்துவிடாத ஒரு கடமை தனிமனிதருக்கு உண்டு. ஈமக்கடன் செய்ய உடலும் கிடைக்காத ஒரு வீரரை எவ்வாறு நினைவுகூர வேண்டும்? அகிம்சையையும் மன அமைதியையும் இலட்சியமாகக் கொண்ட ஓர் ஆன்மிக சாதகன், போரில் மடிந்தவரை எந்த மனத்தோடு நினைக்க வேண்டும்? இது எளிதில் விடை காணக்கூடிய கேள்வி அன்று.

இருபுறமும் உள்ள தடை

இக்கேள்விக்கு இரண்டு திசைகளிலிருந்து அவசர விடைகள் வருகின்றன.

வீரரைப் போற்றுவது போரைப் போற்றுவதாகிவிடும், எனவே ஆன்மிக நாட்டமுள்ளவர் விலகி நிற்பதே நல்லது என்பது முதல் விடை. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. போர் என்பது மனித குலத்தின் பெருந்துயரம். ஆனால் விலகி நிற்பவர் எங்கே நிற்கிறார்? அவர் அமைதியாகத் தியானம் செய்யும் அறையின் பாதுகாப்பும், அதிகாலையில் அச்சமின்றிக் கோயிலுக்குச் செல்லும் வழியும், எல்லையில் யாரோ ஒருவர் விழித்திருப்பதால் கிடைத்தவை. பிறருடைய காவலில் வாழ்ந்துகொண்டு, காவலனின் கையில் படிந்த கறையை மட்டும் சுட்டிக்காட்டுவது அகிம்சை ஆகாது. அது நன்றி மறத்தலே ஆகும்.

வீரரின் இரத்தம் பகைமையைக் கோருகிறது, அவரை நினைக்குந்தோறும் எதிரியின்மீது சினம் கொள்வதே அவருக்குச் செய்யும் மரியாதை என்பது இரண்டாவது விடை. இது முன்னதைவிட ஆபத்தானது. ஏனெனில் இது தேசபக்தியின் வடிவில் வருகிறது. வெயிலும் பனியும் படாத இடத்தில் அமர்ந்து, பிறர் செய்த தியாகத்தை எடுத்துத் தன் வெறுப்புக்கு அணிகலனாகச் சூட்டிக்கொள்வது மிக எளிது. அதற்கு எந்த விலையும் கொடுக்க வேண்டியதில்லை. விலை கொடுத்தவர் வேறொருவர்.

நன்றி மறப்பதும் தவறு. வெறுப்பை வளர்ப்பதும் தவறு. அப்படியானால் சரியான நினைவு எது? அதை அறிய, அந்த இளைஞர் செய்த செயலின் இயல்பை முதலில் உணர வேண்டும்.

முறை வந்தபோது எழுந்தவர்

ஆறு விமானங்களை எதிர்த்து ஒருவர் சென்றார் என்று கேட்டவுடன், அது துணிச்சலா, முன்யோசனையற்ற வேகமா என்ற ஐயம் எழக்கூடும். உயிரைத் துச்சமாக மதிப்பது வீரம் ஆகாது. வலிய வாய்ப்புத் தேடிச் சென்று உயிரை இழப்பவரைச் சாஸ்திரங்கள் புகழ்வதில்லை.

சேகோன் அப்படி எதையும் தேடிச் செல்லவில்லை. பகைவரின் எண்ணிக்கையை அவர் தேர்ந்தெடுக்கவில்லை; நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. அன்று காலை தயார்நிலைப் பணி அவருடைய முறை. அழைப்பு வந்தபோது அவர் தம் இடத்தில் இருந்தார். ஓடுபாதையின்மீது குண்டு விழுவது, அந்த முறையைத் தட்டிக் கழிக்கத் தக்க காரணமாக அவருக்குத் தோன்றவில்லை. இவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் இந்த 'இவ்வளவுதான்' என்பதற்குள் கீதை கூறும் சுவதர்மம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தனக்கு வாய்த்த கடமையை, வாய்த்த இடத்தில், வாய்த்த நேரத்தில், பலனைக் கணக்கிடாமல் செய்வதே சுவதர்மம். பெரும்பாலோருக்கு அது சமையலறையிலும் வகுப்பறையிலும் வயலிலும் அலுவலகத்திலும் வருகிறது. அவருக்கு அது வானத்தில் வந்தது.

அவருக்கு அச்சமே இல்லை என்று கருதவும் தேவையில்லை. இந்திய விமானப்படையின் இலட்சிய வாசகம் கீதையின் பதினோராம் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டது. வானளாவி ஒளிரும் விசுவரூபத்தைக் கண்டு அர்ஜுனன் கூறும் சொற்கள் அவை. அந்தச் சுலோகத்தை முழுமையாகப் படிப்பவர் ஓர் உண்மையைக் காண்பர். தன் உள்ளம் நடுங்குகிறது, தைரியமும் அமைதியும் தன்னை விட்டு அகன்றன என்று அர்ஜுனன் அதே சுலோகத்தில் ஒப்புக்கொள்கிறான். ஒரு படையின் பெருமித வாசகம், ஒரு மாவீரன் தன் நடுக்கத்தை மறைக்காமல் சொன்ன இடத்திலிருந்து பிறந்திருக்கிறது! அச்சம் என்பதே தோன்றாத மனிதன் அரிது. அச்சம் தோன்றிய பின்னும் கடமையின் பக்கம் கால் நகர்வதுதான் வீரம்.

கீதையைக் கேட்டவனும் அழுதான்

இத்தகையவரின் மறைவைக் கேட்டவுடன் ஆன்மிக அன்பர்கள் கூறும் ஆறுதல் ஒன்று உண்டு. 'ஆத்மாவுக்கு அழிவில்லை, உடல் வெறும் சட்டை' என்பார்கள். இது பரம சத்தியம். ஆனால் அதை யார், யாரிடம், எப்போது கூறுவது என்பதில் கவனம் வேண்டும்.

பாரதப் போரின் முதல் நாளன்று பகவான் கிருஷ்ணர் இவ்வுண்மையை அர்ஜுனனுக்கு உபதேசித்தார். கடமையைச் செய்ய வேண்டியவன் சோர்ந்து அமர்ந்தபோது, அவனை எழுப்புவதற்காகச் சொன்னார். பதின்மூன்றாம் நாள் அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் நுழைந்தான். பின்தொடர்ந்து வர வேண்டியவர்கள் வாயிலிலேயே தடுக்கப்பட்டார்கள். மகாரதர்கள் அறுவர் அந்த இளைஞனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆறு விமானங்களுக்கு எதிராகத் தனித்து நின்ற ஸ்ரீநகர் வீரரைப் பற்றி அறிபவர் எவருக்கும் அந்தப் பதினாறு வயதுப் பிள்ளையின் நினைவு வராமல் போகாது.

அன்று மாலை பாசறைக்குத் திரும்பிய அர்ஜுனன் மகனைக் காணாமல் கதறினான். கீதை முழுவதையும் பகவானின் திருவாயாலேயே கேட்டவன் அவன். கேட்டு இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை. ஆயினும் அழுதான். பகவான் அவனை முதல் நாளைப் போல் கடிந்துகொள்ளவில்லை, ஆறுதல் கூறினார். பின்னர் தாமே சுபத்திரையிடம் சென்று அவளையும் தேற்றினார். அந்தத் தாயின் புலம்பலை வியாசர் சுருக்கிவிடவில்லை, நெடிதாகவே பாடியிருக்கிறார்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆத்ம ஞானம் பிறர் கண்ணீரை அடக்குவதற்கான கருவி அன்று. அது முதலில் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டிய உண்மை. கணவரின் உடலைக்கூடக் காணாத இளம் மனைவியிடமும், மகனை இழந்த தந்தையிடமும், 'வருந்தாதே, ஆத்மா அழியாது' என்று உடனே கூறுபவர் அநேகமாகத் தம் சொந்த மனச்சங்கடத்தையே தீர்த்துக்கொள்கிறார். துயரத்தின் அருகே மௌனமாக அமர்ந்திருக்கும் பொறுமை முதலில் வேண்டும். தத்துவம் அதற்குப் பின்.

அர்ஜுனனின் துயரம் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதையும் மறக்கலாகாது. அது சினமாயிற்று. மறுநாள் சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன், இல்லையேல் தீப்புகுவேன் என்ற சபதமாயிற்று. இறந்தவரின் நினைவு எவ்வளவு விரைவில் கொதிப்பாக மாறிவிடும் என்பதற்கு இது சான்று. மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் அர்ஜுனனைப் போரிடச் சொல்லும்போதே, மனக்கொதிப்பு நீங்கியவனாகப் போரிட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே வைத்திருக்கிறார். போர் செய்பவனுக்கே அந்த நிபந்தனை உண்டு என்றால், வீட்டிலிருந்து நினைப்பவனுக்கு அது எவ்வளவு அதிகம் பொருந்தும்!

கங்கைக் கரையில் வெளிப்பட்ட உண்மை

போர் முடிந்தபின் நடந்ததை ஸ்திரீ பர்வம் விவரிக்கிறது. இறந்தோர் அனைவருக்கும் ஈமக்கடன் செய்யும்படி யுதிஷ்டிரர் ஆணையிட்டார். எங்கெங்கிருந்தோ வந்து, உறவினர் எவரும் இல்லாமல் களத்தில் கிடந்தவர்களுக்கும் விதுரர் முன்னின்று எரியூட்டினார். பாண்டவர் பக்கம், கௌரவர் பக்கம் என்ற வேறுபாடு நெருப்புக்கு இல்லை. பின்னர் எல்லோரும் கங்கையில் இறங்கி நீர்க்கடன் செலுத்தினர். அப்போதுதான் குந்தி வாய் திறந்தாள். கர்ணனுக்கும் நீர் விடுமாறு மக்களிடம் கூறினாள். அவன் அவர்களுடைய மூத்த சகோதரன் என்றாள். அதுவரை பகைவனாகவே அறியப்பட்டவன், நீர்க்கடன் வேளையில் சகோதரனாக வெளிப்பட்டான்.

இந்தக் காட்சி 1971-ஐ நினைப்பவருக்கு மிகவும் பொருந்தும். இந்திய விமானப்படை 1932-இல் தோன்றியது. அதன் முதல் ஸ்குவாட்ரன் 1933-இல் அமைக்கப்பட்ட இடம் கராச்சியை அடுத்த டிரிக் ரோடு. 1947-இல் நாடு பிரிந்தபோது அந்தப் படையும் இரண்டாகப் பிரிந்தது. பஞ்சாபும் இரண்டாயிற்று. ஸ்ரீநகர் வானில் மோதிக்கொண்டவர்கள் ஒரே மரத்தின் இரு கிளைகளிலிருந்து வந்தவர்கள். இதனால் தாக்கியது சரியாகிவிடாது, காத்ததும் தவறாகிவிடாது. கர்ணன் சகோதரன் என்று தெரிந்ததால் அதர்மத்தின் பக்கம் நின்றது தர்மமாகிவிடவில்லை. ஆனால் அந்த அறிவு, வெற்றிக் களிப்பிலிருந்தும் வெறுப்பிலிருந்தும் யுதிஷ்டிரரைக் காத்தது.

இன்னொரு செய்தியும் சிந்திக்கத் தக்கது. அன்று சேகோனை எதிர்த்துப் போரிட்ட பாகிஸ்தான் விமானி ஒருவர், பிற்காலத்தில் எழுதிய கட்டுரையொன்றில் அவருடைய போர்த்திறனைப் பாராட்டியிருக்கிறார். நேருக்கு நேர் நின்றவரால் மதிப்போடு பேச முடிந்தது. தொலைவில் இருப்பவருக்கு அது ஏன் இயலாமல் போக வேண்டும்?

சேகோன் பிறந்த சீக்கிய சமய மரபே இதற்கு ஒளி தருகிறது. ஆனந்தபூரில் குரு கோவிந்த சிங்கின் படை போரிட்டபோது, பாய் கன்னையா என்ற அடியவர் நீர் சுமந்து சென்று, காயம்பட்டுக் கிடந்தவர்களின் தாகத்தைத் தீர்த்துவந்தார். பகைவர் படையினருக்கும் அவர் நீர் கொடுக்கிறார் என்று சிலர் குருவிடம் முறையிட்டனர். குரு அழைத்து விசாரித்தார். கிடப்பவர் எவருடைய முகத்திலும் தமக்குக் குருவே தெரிவதாகப் பாய் கன்னையா பணிவோடு கூறினார். குரு மகிழ்ந்தார். இனி நீரோடு மருந்தையும் எடுத்துச் செல்லுமாறு களிம்பைக் கொடுத்தனுப்பினார். வாளேந்திய அதே குருதான் களிம்பையும் கொடுத்தார். அறத்துக்காகப் போரிடுவதும், பகைவரையும் மனிதராகக் காண்பதும் ஒன்றோடொன்று முரண்பட்டவை அல்ல என்பதை அந்தச் சிறு நிகழ்ச்சி காட்டிவிடுகிறது.

யார் நீர் விடுவது?

தர்ப்பண முறையில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு பகுதி உண்டு. தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் என்று தம் முன்னோருக்கு நீர் விட்டபின், தாயோ தந்தையோ உறவினரோ எவருமில்லாமல் மறைந்தவர்களுக்காகவும் இறுதியில் நீர் விடப்படுகிறது. தனக்குத் தொடர்பே இல்லாத, பெயரும் தெரியாத ஒருவரின் தாகத்துக்குத் தானும் பொறுப்பு என்று அந்த ஒரு கை நீர் கூறுகிறது.

இதைவிடச் சிறப்பானது பீஷ்ம தர்ப்பணம். மணம் செய்துகொள்ளாத, வழித்தோன்றல் இல்லாத பீஷ்மருக்கு நீர்க்கடன் செய்ய மகன் இல்லை. எனவே மாக மாதத்து வளர்பிறை அஷ்டமி நாளில், அவருக்கு எல்லோரும் நீர் விடுகின்றனர். தந்தை உயிரோடு இருப்பவரும் அன்று அவருக்குத் தர்ப்பணம் செய்யலாம் என்பது பலர் ஏற்ற மரபு. தம் வாழ்வை ஒரு நாட்டின் காவலுக்குக் கொடுத்த முதுவீரருக்கு, அந்த நாட்டு மக்கள் அனைவரையும் பிள்ளைகளாக்கித் தந்தது தர்மம். இத்தனைக்கும் குருக்ஷேத்திரத்தில் அவர் நின்ற பக்கம் துரியோதனனின் பக்கம். அது நீர் விடுவதற்குத் தடையாகக் கருதப்படவில்லை.

மணமாகுமுன்பும் மகப்பேற்றுக்கு முன்பும் போரில் மறைந்த எண்ணற்ற இளைஞர்களுக்கும், மண்ணில் விழுந்தும் மண்ணில் அடங்காமல் போன வீரர்களுக்கும் நீர்க்கடன் செலுத்த வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. அவர்களுடைய காவலில் வாழ்ந்த ஒவ்வொருவரும் அவர்களுக்குப் பிள்ளையே.

இந்தக் கடனை எள்ளும் நீரும் கொண்டு செலுத்துவோர் செலுத்தலாம். வேறு வழிகளும் உண்டு. முதலாவது, பெயரை அறிந்திருத்தல். 'வீரர்கள்' என்று பொதுவாகக் கூறிவிடாமல், ஒருவரது பெயர், ஊர், அவர் செய்த செயல் ஆகியவற்றை அறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லுதல். இரண்டாவது, உயிரோடு இருப்பவர்களை நினைத்தல். 1949 முதல் டிசம்பர் 7-ஆம் நாள் கொடி நாளாக அனுசரிக்கப்படுகிறது. அன்று திரட்டப்படும் நிதி, போரில் மறைந்தோரின் குடும்பங்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் உதவுகிறது. சட்டையில் கொடியைக் குத்திக்கொள்வதோடு நில்லாமல், தன் தெருவில் வாழும் ஒரு படைவீரரின் முதிய தாயைச் சென்று கண்டு, வேண்டிய உதவியைக் கேட்டுச் செய்வது உண்மையான தர்ப்பணம். துயரம் உள்ளவரிடம் தத்துவம் பேசாமல் சிறிது நேரம் உடனிருப்பதும் அதில் அடங்கும்.

மூன்றாவதே அனைத்திலும் கடினமானது. அது, தன் முறை வரும்போது தன் இடத்தில் இருத்தல். அந்த இளைஞர் கற்பித்த பாடம் அதுதான். வானில் போரிடும் வாய்ப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் யாரும் பார்க்காத நேரத்தில் நேர்மையாக நடக்க வேண்டிய தருணமும், பலர் ஒருபுறம் நிற்கத் தனித்து உண்மையின் பக்கம் நிற்க வேண்டிய தருணமும், நோயுற்றவரின் படுக்கையருகே உறக்கத்தைத் துறக்க வேண்டிய இரவும் எல்லோர் வாழ்விலும் வருகின்றன. அப்போது காரணங்கள் கூறி விலகாதவர், அந்த வீரரின் நினைவைச் சிலையைவிடச் சிறப்பாகக் காப்பாற்றுகிறார்.

ஒவ்வோர் ஆண்டும் கொடி நாளுக்கு அடுத்த ஏழாம் நாள் டிசம்பர் 14 வருகிறது. அன்று காலை ஒரு கை நீரை ஏந்தி, நிர்மல்ஜித் சிங் சேகோன் என்ற பெயரைச் சொல்லி விடலாம். அதே நீரில், அன்றைய போரில் இருபுறமும் மடிந்த அனைவருக்கும் பங்கு உண்டு என்று எண்ணிக்கொள்ளலாம். பின்னர் கையைத் துடைத்துக்கொண்டு, அன்றைய கடமைக்கு எழுந்து செல்லலாம்.